'மங்க்' கடைசி சீசன்: கொலைகாரனை விடுங்கள், கணக்கு முடித்த விதத்தைப் பாருங்கள்

'மங்க்' தொடரின் எட்டாவது சீசன் என்று பேச்சு வந்தாலே இரண்டு கட்சி உண்டு. "நாயகனின் மனைவி ட்ரூடியைக் கொன்றது யார் என்று எட்டு வருஷம் காக்கவைத்துவிட்டு, கடைசியில் இப்படியா பதில் சொல்வது?" என்று ஒரு கட்சி. "கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் இல்லை. வெறும் துப்பறியும் கதை என்று எடுத்துக்கொண்டால் அந்தக் கடைசி இரண்டு எபிசோடும் சுமார் ரகம்தான். ஆனால், வாரம் ஒரு கேஸ் என்று ஓடுகிற தொடரை எப்படி இழுத்துப் பூட்டுவது என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த சீசனைத்தான். முடிச்சுகளை எல்லாம் இங்கே அவிழ்க்கப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு பத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரியில்: சான் ஃபிரான்சிஸ்கோ போலீஸில் இருந்த ஏட்ரியன் மங்க், மனைவி ட்ரூடி 1997 டிசம்பர் 14 அன்று கார் குண்டில் இறந்தபின் நொறுங்கிப்போய், வேலையும் போய், கிருமி பயம், உயர பயம், பால் பயம் என்று, ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் ஓ.சி.டி. நோயோடு வாழ்ந்துகொண்டே போலீஸுக்கு ஆலோசகராகக் கேஸ் பிடிக்கிறவர். டோனி ஷலூப் நடிப்பு. ஆண்டி ப்ரெக்மேன் உருவாக்கியது. 2002 ஜூலையில் யூ.எஸ்.ஏ. நெட்வொர்க் என்ற கேபிள் சேனலில் தொடங்கி 2009 டிசம்பர் 4 அன்று முடிந்தது. மொத்தம் 125 எபிசோட். கடைசி சீசனில் 16. ஒன்று சுமார் 43 நிமிடம் என்றால் பதினொன்றரை மணி நேரம்.

நேராக எட்டாவது சீசனுக்குப் போனால் பாதி ருசி போய்விடும். அதற்கு முந்தைய 109 எபிசோடையும் பார்க்க நேரமில்லை என்றால் இவற்றை மட்டுமாவது பாருங்கள். முதல் சீசனில் தொடக்கமான 'கேண்டிடேட்', பிறகு 'டேல் தி வேல்'. இரண்டாவது சீசனில் 'த்ரீ பைஸ்', 'கோஸ் டு ஜெயில்'. மூன்றாவதில் 'டேக்ஸ் மன்ஹாட்டன்', மங்க்கின் இரண்டாவது உதவியாளர் நாட்டலி வந்து சேரும் 'ரெட் ஹெர்ரிங்'. ஆறாவது சீசனின் முடிவான 'ஆன் தி ரன்', இரண்டு பாகம். ஏழாவதின் கடைசி எபிசோட் 'ஃபைட்ஸ் சிட்டி ஹால்'. தொடக்கமும் இரண்டு பாகமாகத்தான் ஓடும், ஆக பத்து எபிசோட், ஏழு மணி நேரத்துச் சமாச்சாரம். ஒரு சனி ஞாயிறு போதும். 'த்ரீ பைஸ்' வெறும் சிரிப்பு எபிசோட் என்று தாண்டிவிடாதீர்கள். அண்ணன் ஆம்ப்ரோஸுக்கு இருமல் மருந்து வாங்கப் போன இடத்தில்தான் ட்ரூடி இறந்தார் என்பது அதில்தான் வெளியே வரும். ஆம்ப்ரோஸாக வந்த ஜான் டர்ட்டுரோவுக்கு 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மி கிடைத்ததும் அந்த வேடத்துக்குத்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

வாரம் ஒரு கேஸ் தொடர்கள் முடியும்போது வழக்கமாக ஒரே இடத்தில்தான் சறுக்கும். எட்டு வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு பாக்கி சேர்ந்திருக்கும்: விட்டுப்போன நண்பர், தீராத பகை, கிடைக்காத வேலை, நடக்காத கல்யாணம். அத்தனையையும் கடைசி எபிசோடில் அடைப்பார்கள். கல்யாண மண்டபத்தைக் காலி செய்யும் நேரத்தில் சமையல்காரர், பந்தல்காரர், மேளக்காரர் எல்லோரும் ஒரே சமயத்தில் வந்து நின்று பணம் கேட்டால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்றே தெரியாது. எட்டாவது சீசன்தான் கடைசி என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டதால் 'மங்க்' குழுவுக்கு அவகாசம் இருந்தது. அதை அவர்கள் செலவழித்த விதம்தான் சூட்சுமம்: ஒரு பாக்கிக்கு ஒரு எபிசோட், அந்த எபிசோடுக்கென்று தனியாக ஒரு கேஸ்.

ஹரால்ட் க்ரென்ஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். மங்க்கைப் போலவே எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஆள், ஒரே மனநல மருத்துவரிடம் வருகிற போட்டிக்காரர். பல வருஷம் இருவருக்கும் ஆகாது. எட்டாவது எபிசோடில், தனி சிகிச்சைக்குக் கொடுத்த பணம் தீர்ந்தது என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க, மங்க் குழு சிகிச்சையில் போய் உட்கார வேண்டிவருகிறது. எதிரே ஹரால்ட். கடைசியில் இருவரும் ஒரு கார் டிக்கிக்குள் அடைபடுகிறார்கள். மூடிய இடம் என்றாலே உயிர் போகிற இரண்டு பேர். அந்த டிக்கியிலேயே பயமும் போகிறது, பகையும் போகிறது. வசனமாகப் பேசித் தீர்க்காமல் நோயை வைத்தே பகையைத் தீர்த்தார்கள் பாருங்கள், அந்த எழுத்துக்குத் தனியாகக் கும்பிடு போடலாம்.

அடுத்து ஷரோனா, மங்க்கின் முதல் உதவியாளர். மூன்றாவது சீசன் நடுவில் அந்த வேடத்தில் நடித்த பிட்டி ஷ்ராம் விலகியபோது, முன்னாள் கணவரோடு மறுபடி சேர்ந்து நியூ ஜெர்சி போய்விட்டாள் என்று சொல்லி அவசரமாக அனுப்பிவைத்தார்கள். விடைபெறும் காட்சிகூடக் கிடையாது. ரசிகர்களுக்கு அது நெடுநாள் மனக்குறை. 2009 அக்டோபரில் வந்த பத்தாவது எபிசோடில் அவரைத் திரும்பக் கொண்டுவந்து நாட்டலிக்கு நேர் எதிரே நிறுத்தினார்கள். இந்த மனிதரை அதட்டி நடத்துவதா, அணைத்து நடத்துவதா என்பதுதான் இருவருக்கும் சண்டை. இரண்டு உதவியாளர்களில் யார் சிறந்தவர் என்று ரசிகர்கள் ஐந்து வருஷமாகப் போட்ட சண்டையைத் தொடருக்குள்ளேயே போடவைத்து, தீர்ப்பும் சொல்லாமல் விட்டார்கள். சொல்லியிருந்தால் பாதிப் பேரை இழந்திருப்பார்கள்.

மங்க்கிடம் கேஸ் கொடுக்கும் போலீஸ் கேப்டன் ஸ்டாட்டில்மையரின் கல்யாணத்துக்கு பதிமூன்றாவது எபிசோட். அதைவிட முக்கியம் பதினான்காவது. முதல் எபிசோடிலிருந்து மங்க் கேட்டதெல்லாம் போலீஸ் பேட்ஜ் ஒன்றைத்தான். அதைக் கொடுத்தார்கள். கையில் வந்தபின் தெரிகிறது, அந்த வேலை இனி அவருக்கு ஒட்டாது. ஆலோசகராக இருப்பதுதான் நிம்மதி. திருப்பிக் கொடுத்துவிடுகிறார். வேறு தொடராக இருந்தால் பேட்ஜைக் கடைசிக் காட்சிக்கு வைத்து, பின்னணி இசையை ஏற்றி, ஃபிரேமை உறையவைத்திருப்பார்கள். இங்கே முடிவுக்கு முந்தின எபிசோடிலேயே அதைக் கழித்துக் கட்டிவிட்டார்கள். பலன் என்ன? கடைசி இரண்டு மணி நேரத்துக்கு ஒரே ஒரு பாக்கிதான் மிச்சம்: ட்ரூடி.

சீசன் முழுக்க இதே தரம் என்று சொல்ல மாட்டேன். நெவாடா பாலைவனத்தில் பறக்கும் தட்டு எபிசோட், மங்க் செத்துப்போன வாடகைக் கொலையாளியின் அச்சு அசலாக இருப்பதாக வரும் எபிசோட், இதெல்லாம் எண்ணிக்கைக்கு. நைஜீரியாவிலிருந்து, விபத்தில் இறந்த மனைவிக்கு நியாயம் கேட்டு ஒருவர் வருகிறாரே, அந்த இரண்டாவது எபிசோட் மட்டும் கடைசிக்கு ஒத்திகை மாதிரி. தன்னைப் போலவே இன்னொருவன் இருக்கிறான் என்று மங்க் முகத்தில் தெரிகிற அந்த நிமிடத்துக்காகப் பார்க்கலாம்.

இப்போது கடைசி கேஸ். 'எண்ட்', இரண்டு பாகம், நவம்பர் 27, டிசம்பர் 4.

முதலில் பாராட்டு. மங்க்குக்கு விஷம் வைக்கிறார்கள். டாக்டர்களால் என்ன விஷம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை, இரண்டு மூன்று நாள்தான் என்று கெடு. எல்லோரும் சாப்பாட்டில் தேடுகிறார்கள். இருந்தது எதில்? கை துடைக்கும் ஈரத்தாளில். முதல் சீசனிலிருந்து, யாரிடமாவது கை குலுக்கியதும் உதவியாளர் பக்கம் கை நீளும், ஒரு தாள் வரும், துடைப்பார், நாம் சிரிப்போம். நூறு தடவைக்கு மேல் சிரித்த அந்தத் தாளையே ஆயுதமாக்கிவிட்டார்கள். நம் கண் முன்னாலேயே இருந்தது, நாம் பார்க்கவில்லை. நியாயமான துப்பு என்றால் இதுதான். நகைச்சுவைத் துப்பறியும் கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் இந்த ஒன்றைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்: சிரிப்புக்காக வைத்த பழக்கம்தான் துப்பை ஒளித்துவைக்கச் சரியான இடம், ஏனென்றால் சிரிக்கிறவன் சந்தேகப்பட மாட்டான்.

இரண்டாவது, அந்தப் பரிசுப் பெட்டி. சாவதற்கு முன் ட்ரூடி கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசு, பன்னிரண்டு வருஷமாகப் பிரிக்காமல் வைத்திருக்கிறார். பிரித்துவிட்டால் அவளிடமிருந்து புதிதாக வர இனி ஒன்றும் இல்லை என்ற பயம். சாகப்போகிறோம் என்றதும் பிரிக்கிறார். உள்ளே வீடியோ டேப். அதில் ட்ரூடியே பேசுகிறார்: மங்க்கைச் சந்திப்பதற்கு முன்பு தன் சட்டப் பேராசிரியர் ஈதன் ரிக்கோவருடன் உறவு, ஒரு குழந்தை, பிறந்து ஒன்பது நிமிடத்தில் இறந்ததாகச் சொன்னார்கள், இப்போது தனக்கு ஏதாவது ஆகலாம் என்று பயம். கம்பளத்தில் கிடக்கும் ஒரு நூலிழையை வைத்துக் கொலைகாரனைப் பிடிக்கிற மனிதரின் வீட்டிலேயே, அவர் தேடிய ஒரே பதில் ரிப்பன் கட்டி இருந்திருக்கிறது. இதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். கேஸ் முடியாமல் இருந்ததற்குக் காரணம் குற்றவாளியின் சாமர்த்தியம் இல்லை, துக்கம்.

இனி குறை. ரிக்கோவர் இப்போது நீதிபதி, க்ரெய்க் டி. நெல்சன் நடித்தார். நல்ல நடிகர், குறை அவரிடம் இல்லை. ஆனால் அந்த முகம் நம் கண்ணில் படுவதே 124ஆவது எபிசோடில். துப்பறியும் கதையில் வாசகனுக்கும் எழுத்தாளனுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு: கொலைகாரன் முன்னாலேயே மேடையில் நின்றிருக்க வேண்டும். ட்ரூடி கேஸில் துப்பு கொடுத்த டேல், குண்டு செய்த டென்னிசன், குண்டு வைத்த ஆறு விரல் மனிதன் என்று ஏணிப்படி போட்டு ஏற்றிக்கொண்டு போனவர்கள், உச்சியில் ஒரு புது ஆளை உட்காரவைத்தால் ஏறியவனுக்குக் கால் வலிக்கத்தானே செய்யும்? ஏழாவது சீசனில் ஏதோ ஒரு சாதாரண கேஸில், நீதிமன்றத்தில் இரண்டு நிமிடம் அவரைக் காட்டியிருந்தால் போதும். இந்த எட்டாவது சீசனின் ஐந்தாவது எபிசோடில் மங்க் சாட்சிக் கூண்டில் ஏறுகிறார், எதிர்த்தரப்பு வக்கீல் அவரைக் கிழித்துத் தொங்கவிடுகிறார். அங்கே உட்கார்ந்திருந்த நீதிபதியே ரிக்கோவர் என்று வைத்திருந்தால்? ஒரு நாற்காலியை மாற்றியிருந்தால் முழுக் குறையும் தீர்ந்திருக்கும்.

ரிக்கோவரின் தோட்டத்தில், அந்தக் குழந்தையின் பிரசவம் பார்த்த மருத்துவச்சி வெண்டி ஸ்ட்ரவுடின் பிணம், மங்க் கையில் துப்பாக்கி, கடைசியில் நீதிபதி தன்னையே சுட்டுக்கொள்வது. இதில் எனக்குப் பாதிதான் திருப்தி. 2004இல் 'டேக்ஸ் மன்ஹாட்டன்' எபிசோடில், சாகக் கிடக்கும் டென்னிசனின் மார்ஃபினை மங்க் நிறுத்துவார், இது நான் என்பார்; உடனே திரும்பத் திறந்துவிடுவார், இது நீ கொன்ற ட்ரூடி என்பார். பழிவாங்கலைப் பற்றி அந்தத் தொடர் சொல்ல வேண்டியதை அந்த அரை நிமிடத்திலேயே சொல்லி முடித்துவிட்டது. அதற்குப் பிறகு துப்பாக்கி எல்லாம் சத்தம்தான்.

ஆனால் இறந்ததாகச் சொன்ன குழந்தை உயிரோடு இருக்கிறாள். மோலி. படம் பார்த்து விமர்சனம் எழுதுகிறவள். அவள் வந்தபின் மிச்சம் இருப்பது சில நிமிடங்கள்தான், அது போதாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியான அளவு. நாட்டலிக்குத்தான் அநியாயம். ஐந்து வருஷம் தாள் எடுத்துக் கொடுத்தவளுக்குக் கடற்படை அதிகாரி ஒருவரை அவசரமாகக் காதலராகக் கொண்டுவந்து கணக்கை முடித்தார்கள். ஸ்டாட்டில்மையரின் உதவி அதிகாரி டிஷருக்காவது நியூ ஜெர்சியில் போலீஸ் தலைவர் பதவி, கூடவே ஷரோனா. பத்தாவது எபிசோடில் அதற்கு விதை போட்டிருந்தார்கள். நாட்டலிக்கு விதையும் இல்லை.

கடைசி எபிசோடை அமெரிக்காவில் 94 லட்சம் பேர் பார்த்தார்கள், கேபிள் தொடருக்கு அன்றைக்கு அது பெரிய எண். அந்த சீசனுக்கும் ஷலூப் எம்மி பரிந்துரையில் இருந்தார், தொடர்ந்து எட்டாவது முறை. 2003, 2005, 2006 என்று மூன்று முறை வாங்கியவருக்கு அந்தத் தடவை கிடைக்கவில்லை. ஆனால் முடிவில் ஒலிக்கும் ராண்டி நியூமேன் பாட்டுக்குக் கிடைத்தது. இரண்டாவது சீசனிலிருந்து தலைப்புப் பாட்டும் அவருடையதுதான். அதனால் கடைசி எபிசோட் முடிந்ததும் அடுத்த தொடருக்குத் தாவிவிடாதீர்கள், பாட்டு முடியும்வரை இருங்கள்.

2023 டிசம்பரில் வந்த 'மிஸ்டர் மங்க்ஸ் லாஸ்ட் கேஸ்' படத்தை அதே இரவில் பார்க்காதீர்கள். மோசமான படம் இல்லை. ஆனால் கொரோனாவுக்குப் பிறகு பழைய நிலைக்கே சரிந்துபோன, உயிரை விட்டுவிடலாமா என்று யோசிக்கிற மங்க்கோடு அது தொடங்குகிறது. 2009இல் இத்தனை பொறுமையாக மூடிய கணக்குப் புத்தகத்தை மறுபடி திறக்கிற படம். குறைந்தது ஒரு வாரமாவது போகட்டும்.