ஆல்பர்ட் நினைவுச்சின்னத்துக்கு ஐந்து நிமிடம் போதாது

லண்டன் கென்சிங்டன் கார்டன்ஸில் உள்ள ஆல்பர்ட் நினைவுச்சின்னத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும், எதிரே இருக்கும் ராயல் ஆல்பர்ட் ஹாலைப் பார்க்கப் போகிற வழியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பயணக் கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருக்கிறார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. நடுவில் தங்கமாக மின்னும் இளவரசர் ஆல்பர்ட்டின் சிலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிகூடப் பார்த்ததாகாது.

தயவுசெய்து வேலியை ஒட்டி ஒரு சுற்று நிதானமாக வாருங்கள். நான்கு மூலைகளிலும் நான்கு கண்டங்கள். ஆசியாவுக்கு மண்டியிட்ட யானை. அதன் மேல் ஒரு பெண் முகத்திரையை விலக்கியபடி உட்கார்ந்திருக்கிறாள். யானைத்தோலின் மடிப்புகளைக்கூட வெள்ளைப் பளிங்கில் செதுக்கியிருக்கிறார்கள், என்ன வேலைப்பாடு! ஆப்பிரிக்காவுக்கு ஒட்டகம், அமெரிக்காவுக்குக் காட்டெருமை. பிரிட்டிஷ் பேரரசு தன்னை உலகின் நடுவில் வைத்துப் பார்த்த கண்ணோட்டமும் இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் அதையும் கவனிக்க வேண்டும். பீடத்தைச் சுற்றிக் கவிஞர்கள், இசைஞர்கள், ஓவியர்கள், சிற்பிகள், கட்டடக் கலைஞர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். கையில் பைனாகுலர் இருந்தால் நல்லது.

1861இல் 42 வயதில் இறந்த கணவர் ஆல்பர்ட்டுக்காக விக்டோரியா மகாராணி எழுப்பியது இது. வடிவமைத்தவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். 1872இல் திறந்தபோது இளவரசரின் சிலையே இல்லை, பிறகுதான் வந்தது. இளவரசரின் கையில் இருப்பது 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின் பட்டியல் நூல். பல பத்தாண்டுகள் கறுத்துக் கிடந்த சிலைக்கு 1998இல் முடிந்த சீரமைப்பில்தான் மறுபடி தங்கமுலாம் பூசினார்கள். வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள், விதானத்தின் மொசைக்கும் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும்.