தூங்கிட்டான், தூங்கிட்டான் என்று எழுதுகிறவர்களுக்கு

மேலூர் தாண்டி நடந்த அந்த விபத்துப் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். காரின் முன்பாதி லாரிக்கு அடியில். கீழே வரிசையாகக் கமெண்ட். “டிரைவர் தூங்கிட்டாப்ல.” “ஓவர் ஸ்பீடு.” “ராத்திரி எதுக்குப் பயணம்?” இறந்தவர்களுக்கு இன்னும் காரியம்கூட முடியவில்லை, அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அந்த லாரி அங்கே ஏன் நின்றது, பின்னால் ஒரு விளக்காவது எரிந்ததா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் தம்பிக்கும் இதுதான் நடந்தது. திருச்சி விமான நிலையத்தில் பெரியப்பா மகனை ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். துவரங்குறிச்சிக்கும் கொட்டாம்பட்டிக்கும் நடுவில், விடியற்காலை மூன்று மணி. சிமென்ட் லோடு ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று இடது லேனில் பாதியை அடைத்து நின்றிருக்கிறது. பேட்டரி இறங்கிவிடும் என்று விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு டிரைவர் கேபினில் படுத்துவிட்டார். எச்சரிக்கைக்கு வைத்தது இரண்டு கருங்கல்லும் ஒரு கொப்பு வேப்பந்தழையும். நான் விடிந்து போய்ச் சேர்ந்தபோது அந்தத் தழை வாடக்கூட இல்லை.

தம்பி பிழைத்தான். தாடைக்குக் கம்பி போட்டு மூன்று மாதம் கஞ்சிதான். பார்க்க வந்தவர்கள் கட்டில் பக்கத்தில் நின்று முதலில் கேட்டது, “தூங்கிட்டியாப்பா?” வாயைத் திறக்க முடியாதவன் பிள்ளைகளின் சிலேட்டை வாங்கி எழுதிக் காட்டினான்: தூங்கல. அடுத்து வந்தவரும் அதையேதான் கேட்டார். கடைசியில் அழிக்காமல் அப்படியே மார்பில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

90 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 25 மீட்டர் போகிறது. தாழ்த்திய ஹெட்லைட்டில், அதாவது லோ பீமில், நாற்பது ஐம்பது மீட்டர் தெரிந்தால் பெரிது. சாலை நடுத்திட்டில் வைத்த அரளி காய்ந்துபோன இடங்களில் எதிர்ச் சாலை வெளிச்சம் வேறு கண்ணில் அடிக்கும். முழித்திருக்கிறவனுக்கே இரண்டு நொடிதான். முன்னால் இருப்பது ஓடுகிற லாரியா, நிற்கிற லாரியா என்று புரிவதற்குள் அதில் பாதி போய்விடும்.

சரி, தூங்கினான் என்றே வைத்துக்கொள்வோம். கண் அசந்ததற்கு மரண தண்டனையா?

கார் மோதினால் பானெட் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் லாரியின் பாடி பானெட்டைவிட உயரம். பானெட் அடியில் நுழைந்துவிடும், லாரியின் விளிம்பு நேராகக் கண்ணாடிக்கு வரும். இதைத் தடுக்கத்தான் பின்னால் குறுக்குக் கம்பி. தரைக்கும் அதற்கும் 55 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் என்று ஒளிரும் பட்டையும் ஒட்ட வேண்டும். மாட்டுத்தாவணி சிக்னலில் நிற்கும்போது முன்னால் இருக்கும் லாரியைப் பாருங்கள். கம்பி மேலே வளைந்திருக்கும், கயிற்றில் கட்டியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. எஃப்.சி. (வண்டித் தகுதிச் சோதனை) அன்றைக்குப் பளபளத்த பட்டை அடுத்த மாதமே சேறு அப்பிக் கிடக்கும்.

உடனே வருவீர்கள், “லாரி டிரைவர் பாவமில்லையா?” என்று. என் தாய்மாமா முப்பது வருஷம் தூத்துக்குடி உப்பு லோடு ஓட்டியவர். எனக்கே சொல்லித் தருகிறீர்களா? “ஒதுக்குப்புறமா நிறுத்துனா டீசலை உறிஞ்சிருவான், தார்ப்பாயை அறுத்துருவான் மாப்ள. அதான் ரோட்டோரம்” என்பார் அவர். அது உண்மை. ராத்திரி முழுக்க ஓட்டியவர் எங்கே போய்த் தலையைச் சாய்ப்பார்? சாவடிக்குச் சாவடி காசு வாங்குகிறார்களே, அதில் விளக்கும் காவலும் உள்ள லாரி நிறுத்தங்கள் போதுமான அளவு கட்ட முடியாதா? ஆபத்தாக வண்டியை நிறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 122ஆம் பிரிவு இருக்கிறது. அதைப் படித்துவிட்டா வந்து ‘தூங்கிட்டான்’ என்று எழுதுகிறீர்கள்?

வேகம் தப்புதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் செத்தவன் வந்து பதில் சொல்ல மாட்டான் என்ற தைரியத்தில் எழுதாதீர்கள்.

அடுத்த வாரம் தம்பி மகளுக்கு அழகர்கோவிலில் காதுகுத்து. சென்னையிலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். விடிந்த பிறகு கிளம்புங்கள், காது குத்துவதை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம், சாயங்காலம் வந்தாலும் சாப்பாடு இருக்கும் என்று.