ஆபீஸுக்கு என் கீபோர்டைக் கொண்டுபோறேன், அதுல என்ன தப்பு?

புதுசா சேர்ந்த மேனேஜர் ஒருத்தர் போன வாரம் என் சீட்டுக்கிட்ட வந்து நின்னு "கம்பெனிலதான் கீபோர்டு குடுத்திருக்காங்களேம்மா, அப்புறம் எதுக்கு வீட்லருந்து தூக்கிட்டு வர்றீங்க"ன்னு கேட்டார். கோவமால்லாம் கேக்கல, நிஜமாவே புரியாமத்தான் கேட்டார். அந்த நேரத்துல எனக்குப் பதில் சொல்ல வரல, அதான் இங்க எழுதறேன்.

நான் மொழிபெயர்ப்பு ஆபீஸ்ல வேலை பாக்கறேன். காலைல பத்து மணிக்கு உக்காந்தா சாயங்காலம் ஆறரை வரைக்கும் டைப்பிங்தான், அதுவும் தமிழ்99ல. 1999ல சென்னைல நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி தமிழ்நாடு அரசு கொண்டுவந்த கீபோர்டு லேஅவுட் அது, அதாவது எந்த எழுத்து எந்த கீல இருக்கணும்ங்கற அமைப்பு. உயிரெழுத்தெல்லாம் இடது கைல, மெய் பெரும்பாலும் வலது கைல, புள்ளி மட்டும் இங்கிலீஷ் எஃப் இருக்கற கீல, இடது ஆள்காட்டி விரலுக்கு நேர் கீழ. க்க, ங்க, ந்த இதுக்கெல்லாம் புள்ளி தானா விழுந்துடும், ஆனா "அவர்கள்"னு அடிக்கணும்னா எஃப் கீயை ரெண்டு தடவை தொட்டே ஆகணும்.

எனக்குக் குடுத்த கீபோர்டுல அந்த எஃப் கீதான் போச்சு. முழுசா போயிருந்தா உடனே மாத்திக் குடுத்திருப்பாங்க, அது நாலு தடவை அடிச்சா மூணு தடவை விழும். "அவரகள்"னு வந்தா கண்ணுல பட்டுடும், திருத்திடலாம். ஒரு கேஸ் கட்டுல "பல் மருத்துவர்"னு அடிச்சது "பல மருத்துவர்"னு போயிருந்துச்சு பாருங்க, அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ரெண்டும் சரியான சொல்லு, எந்த ஸ்பெல்செக்கும் பிடிக்காது. அறுபது பக்கத்தையும் வரி வரியாப் படிச்சு முடிக்க ராத்திரி ஒன்பது ஆயிடுச்சு. ஐடி டீமுக்குப் புகார் டிக்கெட் போட்டேன், பக்கத்துல காலியா இருந்த சீட்டோட கீபோர்டை எடுத்துக் குடுத்தாங்க, அதுவும் அதே வயசு.

இந்த ஆபீஸ் கீபோர்டுக்குள்ள இருக்கறது ஒரு ரப்பர் ஷீட்டுதான். அடிமட்டம் வரைக்கும் அமுக்கினாத்தான் எழுத்து விழும், ரப்பர் பழசாக ஆக இன்னும் ஓங்கி அமுக்கணும். மெக்கானிக்கல் கீபோர்டுல ஒவ்வொரு கீக்கும் அடில தனி ஸ்பிரிங் வச்ச சுவிட்ச் இருக்கும், அதுல செர்ரி ரெட்னு ஒரு வகை சுவிட்ச்னா 45 கிராம் அழுத்தம் போதும், நாலு மில்லிமீட்டர் இறங்கற கீ ரெண்டு மில்லிமீட்டர்லயே பதிஞ்சுடும். என் சொந்தக் காசுல அதைத்தான் வாங்கினேன். ஆறு மாசம் ஆச்சு, வீட்டுக்குப் போனதும் மணிக்கட்டுல தைலம் தடவறது நின்னுபோச்சு.

எங்கப்பா கொத்தனார். அவரோட கரணைல மரப்பிடி ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு பள்ளமா இருக்கும், அவர் கட்டை விரல் உக்கார்ற இடம் அது. மேஸ்திரியே கேட்டாலும் குடுக்க மாட்டார், சைட்ல வேற கரணை இருந்தாலும் தொட மாட்டார். அவர்கிட்ட யாரும் ஏன் தூக்கிட்டு வர்றேன்னு கேட்டதில்ல.

ஆனா கொண்டுபோறவங்களுக்கும் பொறுப்பு இருக்குங்க. டிவிஎஸ் கோல்டு கீபோர்டு மேல எனக்கு உயிர், பில்லிங் கவுண்டர்ல கேப்பீங்களே அந்த டக் டக் சத்தம், அதை வீட்ல மட்டும்தான் வச்சிருக்கேன். பக்கத்து சீட்ல ஒரு பொண்ணு நாள் பூரா ஆடியோ கேட்டு எழுதறா, அவ காதுக்குள்ள போய் நான் தட்டக் கூடாது. ஐடி டீம் யுஎஸ்பி விஷயத்துல பயப்படறதும் நியாயம்தான், வயர்லெஸ் கீபோர்டுக்காகக் கம்ப்யூட்டர்ல சொருகற டாங்கிள் வழியா வெளியாள் டைப் பண்ண முடியும்னு 2016லயே சில கம்பெனி கீபோர்டு, மவுஸ்ல காட்டியிருக்காங்க. அதனால நான் வயர் வச்சதைத்தான் எடுத்துட்டுப் போறேன், முதல் நாளே அவங்ககிட்ட காட்டி ஓகே வாங்கிட்டேன்.

அந்தப் பழைய கீபோர்டு இன்னும் என் டிராயர்லதான் கிடக்கு. திங்கக்கிழமை மேனேஜரை என் சீட்ல உக்கார வச்சு ரெண்டுலயும் அடிச்சுப் பாருங்க சார்னு சொல்லப்போறேன். பத்து தடவை "பல் மருத்துவர்"னு அடிச்சாப் போதும்.