பந்து போடும் கை திரும்ப நாளாகும்
சில வருடம் அலுவலக வேலை பார்த்த டெனிஸ் பயிற்றுவிப்பாளர் மைதானத்துக்குத் திரும்பினால் இரண்டே வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுவார் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கொழும்பில் ஐந்து வருடம் போட்டி அட்டவணை, நடுவர் பட்டியல் என்று மேசையோடு இருந்துவிட்டு நுவரெலியாவுக்குத் திரும்பியவன் நான். பிள்ளைகள் ரக்கெட் பிடிப்பதில் உள்ள பிழை முதல் நாளே கண்ணில் பட்டது. கைதான் சொன்னபடி கேட்கவில்லை. பிள்ளைகள் அடித்துப் பழக நான் போட்ட பந்து, வலைக்கும் பின்கோட்டுக்கும் நடுவிலுள்ள சர்வீஸ் கோட்டருகே விழாமல் பின்கோட்டைத் தாண்டி ஓடியது. இங்கே உயரம் 1,800 மீட்டருக்கும் மேல். காற்றின் அடர்த்தி குறைவு, பந்து வேகமாகப் போகும். 1,219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கென்றே சர்வதேச டெனிஸ் சம்மேளனத்தின் விதிகளில் தனிவகைப் பந்து இருக்கிறது. அது கைவசம் இல்லாததால் சிறுவர்களுக்குப் பச்சைப் புள்ளிப் பந்தைக் கொடுத்தேன். சாதாரணப் பந்தைவிட ஏறத்தாழ 25 சதவீதம் மெதுவானது. அப்புறம்தான் அவர்களின் அடி கோட்டுக்குள் விழ ஆரம்பித்தது. மேலே கருத்து எழுதிய ஒரு வாசகர், திரும்பி வருபவருக்கு உடல்தகுதிதான் சிக்கல் என்கிறார். எனக்கு மூச்சு ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. கைக்கு மழைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. “சேர், இப்பதான் பந்து எனக்கு நேரா வருது” என்று ஒரு தேயிலைத் தோட்டத்துச் சிறுமி சொன்னபோது நான் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது.