சுமை இன்னும் பெண்கள் மேல்தான்

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சையில் இந்திய ஆண்கள் பெண்களுக்கு இணையாக வந்துவிட்டார்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியல்ல.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் தாங்களே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது வெறும் 0.3 சதவீதம். இவ்வளவு பெரிய சுமையைப் பெண்கள் சுமக்கும்போது 'இணை' என்ற சொல்லைப் படிக்கவே வருத்தமாக இருக்கிறது. முந்தைய ஆய்வோடு ஒப்பிட்டால் ஆணுறைப் பயன்பாடு 5.6இலிருந்து 9.5 சதவீதமாக உயர்ந்தது உண்மைதான். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

ஆய்வின் இணையதளத்தில் இந்தியாவுக்கான தகவல் தாள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் குடும்பக் கட்டுப்பாட்டு முறைகள் பகுதியைப் பாருங்கள். பெண், ஆண் என இரண்டு எண்களும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன.