மடல் கிடைத்தது, எழுதியவர் எங்கே?

மின்னஞ்சலிலேயே கூடிப் பேசிய யாஹூ குழுமங்களை (Yahoo Groups) அந்த நிறுவனம் மூடிய விதத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. 2019 அக்டோபர் நடுவில் அறிவிப்பு. 28-ஆம் தேதிக்குப் பிறகு எதையும் ஏற்ற முடியாது, டிசம்பர் 14-க்குள் இருப்பதை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றார்கள். இரண்டே மாதம்! கூச்சல் கிளம்பிய பிறகுதான் 2020 ஜனவரி 31 வரை நீட்டினார்கள். தன்னார்வலர்களாக வந்து நகலெடுத்துக்கொண்டிருந்த ஆர்க்கைவ் டீம்காரர்களின் கணக்குகளையும் அந்த நேரத்தில் முடக்கினார்கள். தானும் காப்பாற்ற மாட்டான், காப்பாற்ற வந்தவனையும் விடமாட்டான்!

மரத்தடி, ராயர் காபி கிளப், அகத்தியர் என்று எத்தனை குழுமங்கள் அங்கே குடியிருந்தன! ஒருவர் ஈற்றடி கொடுப்பார், இன்னொரு கண்டத்தில் விடிந்ததும் வெண்பா வந்து விழும். முகம் பார்க்காமலே ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள். அந்தப் பழக்கத்துக்கு இருந்த ஒரே நூல் மின்னஞ்சல் முகவரி. வலைப்பக்கத்திலோ அது '@' குறியோடு அறுந்து மூன்று புள்ளியாக நிற்கும். ஸ்பேமைத் தடுக்கச் செய்தது, சரி. முழுப் பட்டியல் குழுமத்தை நடத்திய மட்டுறுத்துநரிடம் இருந்தது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்ட குழுமத்துக்கு யார் கதி? "உங்கள் முகவரியை இவருக்குத் தரலாமா?" என்று இரண்டு பக்கமும் கேட்டு ஒரு மடல் அனுப்ப யாஹூவுக்கு என்ன கேடு வந்தது? அப்படியே முகவரி கிடைத்தாலும், 12 மாதம் திறக்காத யாஹூ பெட்டி நீக்கப்பட்டிருக்கும். மடல் திரும்பி வரும். கூகுள் தன் சமூக வலைத்தளமான ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30-இல் மூடியபோது, தரவை எடுக்க இரண்டு வருடம் தந்தார்கள். அங்கேயும் கையில் கிடைத்தது படமும், ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் எழுதிவைத்த ஸ்கிராப்பும்தான், ஆட்கள் இல்லை.

இறக்கிய மடலையாவது படிக்க முடிகிறதா? பாதி, திஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கிறது. இன்றைய குறியாக்கமான யுனிகோடாக நினைத்துத் திறந்தால் குப்பையாகத் தெரியும். தயவுசெய்து அதைத் திருத்திச் சேமிக்காதீர்கள். கேள்விக்குறியாக மாறிச் சேமிக்கப்பட்ட எழுத்து எந்தக் கருவியாலும் மீளாது. மூலக்கோப்பை அப்படியே நகல் எடுத்து வைத்துவிட்டு, நகலில் கைவையுங்கள். முதலில், மடலை அனுப்புவதற்காக எழுத்துகளைக் குறிகளாக மாற்றிக் கட்டிய 'குவோட்டட்-பிரிண்டபிள்' (quoted-printable) பொதியைப் பிரிக்க வேண்டும், பிறகுதான் எழுத்து மாற்றம். எழுத்துக் குறியாக்கத்தை மாற்றும் லினக்ஸின் ஐகான்வ் (iconv) கருவிக்குத் திஸ்கி தெரியும். வெறும் எழுத்துக்கு எழுத்து மாற்றும் நிரலை நம்பாதீர்கள். திஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால் என்று கிடக்கும். யுனிகோடில் க முதலில் வர வேண்டும். வரிசை மாற்றாத நிரல், கொம்பை முந்தைய எழுத்தின் தலையில் ஏற்றிவிடும்.

இத்தனைக்கும் பிறகு இப்போதும் அதே ஏமாளித்தனம்! ஃபேஸ்புக் தகவலைப் பதிவிறக்கிப் பாருங்கள்: உங்கள் பின்னூட்டம் இருக்கும், எந்தப் பதிவுக்குப் போட்டீர்களோ அது இருக்காது. ஒற்றைக் குரலில் உரையாடல்! வாட்ஸப் ஏற்றுமதியில் படங்களோடு 10,000 செய்தி, படமில்லாமல் 40,000; அதற்கு முந்தையது வராது. ஆகவே வருடத்துக்கு ஒருமுறை எடுங்கள், படத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. குழுவில் இருப்பவர்களிடம் இயற்பெயர், ஊர், இரண்டாவது தொடர்பு வழி மூன்றையும் ஒப்புதலோடு வாங்கி, பொறுப்பாளர் இருவரிடமாவது வையுங்கள். கூகுள் தாளில் (Google Sheets) மட்டும் போட்டு மறந்துவிடாதீர்கள், இரண்டு வருடம் தொடாத கணக்கை அவர்களும் அழிப்பார்கள். ஒரே பொத்தானில் நிறுவனம் முடித்துத் தரவேண்டிய வேலை இது. லாபம் பார்த்தவன் அவன், அலைகிறவர்கள் நாம்!