வண்டி வாங்குவது அந்த ஆறு நாளைக்கு

நம் பைக் குழுவின் ஞாயிற்றுக்கிழமை ரைடில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு குழுவில் போட்ட ஒரு படத்துக்குக் கீழே வந்த கமெண்டுகளைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு தம்பி ஸ்ப்ளெண்டரில் வந்தான். வாய்க்கால் கரையில் ஏறும் முன்பே "இந்த வண்டியோட எங்ககூட வராதே" என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அதோடு விட்டிருக்கலாம். அவன் திரும்பிப் போவதைப் படம் எடுத்துப் போட்டுச் சிரித்ததுதான் மனதை அறுக்கிறது.

அவன் முந்தின வாரம் குழுவில் கேட்டது ஒரே கேள்வி. தினமும் வேலைக்குப் போகணும், எப்பவாவது மண் ரோட்டுப் பக்கமும் போகணும், 1.5 லட்சத்துக்குள் எந்த வண்டி வாங்கலாம்? வந்த பதில்களில் பாதி, "காசு சேர்த்துட்டு வா தம்பி."

கோபியிலிருந்து பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்டுக்குப் போகிறவன் அவன். வாரத்தில் ஆறு நாள் தார் ரோடு. லீவு கிடைத்தால் ஒரு நாள் மண் ரோடு. அப்படிப்பட்டவன் அந்த ஆறு நாளைக்குத்தான் வண்டி வாங்க வேண்டும். பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டிய பிறகு மைலேஜ் பார்ப்பது கஞ்சத்தனம் இல்லை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும்போது பஞ்சர் ஆனால் என்ன செய்வது, உள்ளூர் மெக்கானிக்கிடம் உதிரி பாகம் கிடைக்குமா, சிக்னலில் கால் ஊன்றுமா, இதெல்லாம்தான் முதல் கேள்விகள். ஏழாவது நாளைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

அந்த ஏழாவது நாளிலும் சிசியை, அதாவது இன்ஜின் அளவை விட எடைதான் முக்கியம் என்பேன். ஸ்ப்ளெண்டர் ஏறக்குறைய 112 கிலோ. மண் ரோட்டுக்கென்று ஹீரோ செய்யும் எக்ஸ்பல்ஸ் 200 கிட்டத்தட்ட 160. ராயல் என்ஃபீல்டின் புது ஹிமாலயன் 450 இருநூறை ஒட்டி வந்துவிடும். மண்ணில் வண்டி விழாமல் யாரும் பழக முடியாது. தனியாகப் போய் ஈர மண்ணில் 200 கிலோ வண்டியைச் சாய்த்துவிட்டுத் தூக்கிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

"அப்போ ஸ்ப்ளெண்டர் ஆஃப்ரோடு வண்டியா?" என்று கேட்பீர்கள். இல்லை. கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி, 165 மில்லிமீட்டர்தான், எக்ஸ்பல்ஸில் 220. பாறை கிடக்கும் பாதையில் இன்ஜின் அடிபடும், சஸ்பென்ஷன் சீக்கிரம் அடி தட்டும். ஆனால் நாம் ஞாயிற்றுக்கிழமை போனது பாறைப் பாதையா? கீழ்பவானி வாய்க்கால் கரை. அதில் புல்லுக்கட்டோடு டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டில் தினமும் ஆட்கள் போகிறார்கள். மண்ணைப் பிடிக்கிற மாதிரி கட்டை கட்டையாக இருக்கும் நல்ல பட்டன் டயர் போட்டு, மண்ணில் இறங்கும்போது கொஞ்சம் காற்றைக் குறைத்து, தார் ரோடு வந்ததும் மறுபடி ஏற்றிக்கொண்டால் அந்தக் கரைக்கு எந்த வண்டியும் போதும்.

என் அப்பா அந்தியூர் பக்கம் கால்நடைத் துறையில் இருந்தார். கோமாரி தடுப்பூசி போடும் காலத்தில் பின் சீட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹீரோ ஹோண்டா சிடி 100இல் பர்கூர் மலைக்குப் போவார். தாமரைக்கரைக்கு அப்பால் பட்டிகளுக்குப் போகும் வழியெல்லாம் அன்றைக்குக் கல்லும் சேறும்தான். பர்கூர் மாடு சாதுவாக நின்று ஊசி போட்டுக்கொள்கிற மாடும் இல்லை. சாயங்காலம் சைலென்சர் வரைக்கும் செம்மண் அப்பிய வண்டியோடு வருவார். மறுநாள் காலையில் அதே வண்டியில்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவார். அவரை யாரும் ரைடர் என்று சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை. அந்தத் தம்பியைத் திருப்பி அனுப்பியபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. கோபம் அங்கிருந்துதான் வருகிறது.

சரி, 1.5 லட்சத்தில் எக்ஸ்பல்ஸ் வாங்கட்டுமே என்றால், நியாயமான யோசனைதான். முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குல ஸ்போக் வீல், நீளமான சஸ்பென்ஷன். இந்த விலைப் பக்கத்தில் மண்ணுக்கென்றே செய்த வண்டி வேறு சுலபமாகக் கிடைக்காது. ஆனால் ஆன் ரோடு விலை அவன் கையில் இருப்பதைத் தாண்டும். சீட் உயரம் 825 மில்லிமீட்டர், அவன் உயரத்துக்கு நுனிக்கால்தான் எட்டும். ட்யூப் டயர் வேறு, ராத்திரியில் பஞ்சர் ஆனால் ட்யூப்லெஸ் மாதிரி ஒரு திரியைச் சொருகிவிட்டுக் கிளம்ப முடியாது. இதையெல்லாம் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னால் அவனே முடிவு செய்துகொள்வான்.

"பாதுகாப்புக்காகத்தான் திருப்பி அனுப்பினோம்" என்று அட்மின் அண்ணன் எழுதியிருக்கிறார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அண்ணா, அவன் வண்டியின் பிரேக்கை யாராவது பார்த்தீர்களா? டயரைத் தொட்டாவது பார்த்தீர்களா? அவன் ஹெல்மெட்டும் ஷூவும் போட்டு வந்தான். பெரிய வண்டியில் செருப்போடு வந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குப் பெரிய வண்டி மேல் பொறாமை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஹிமாலயனை நண்பனிடம் வாங்கி ஓட்டியிருக்கிறேன், பிடித்திருந்தது. ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு தூரம் போவதற்கு நானே அதைத்தான் சொல்வேன். இங்கே பிரச்சினை வண்டி இல்லை. வண்டியைப் பார்த்து ஆளை எடை போடுவதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் போட்ட வீடியோவில் கரையோரம் மஞ்சள் காய்ந்துகொண்டிருக்கிறது. அதன் மேல் புழுதி பறக்க ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு போகிறார்கள். ஓரமாக நின்ற அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார். இதற்கு லைக் வேறு. அடுத்த ரைடு காட்டுப் பக்கம் என்று அறிவித்திருக்கிறீர்கள். சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம். பர்கூர் மலையில் 2024இல் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் அறிவித்தாயிற்று. ரோட்டை விட்டு இறங்கிக் காட்டுக்குள் ஓட்ட நமக்கு யார் அனுமதி கொடுத்தது? அந்த மண் ரோடுகளில் பால் கேனோடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடும் போகிறவர்களுக்கு அது விளையாட்டு மைதானம் இல்லை. அவர்கள் ஓட்டுவதும் அந்தத் தம்பி ஓட்டுகிற வண்டியைத்தான்.

குழுவிலிருந்து விலகிவிட்டேன், மறுபடி சேர்க்க வேண்டாம். இதே குழப்பத்தில் இருக்கிறவர்கள் இங்கேயே கேளுங்கள். உங்கள் உயரம், தினமும் ஓடும் தூரம், கையில் இருக்கும் காசு, ஊரில் எந்தக் கம்பெனி சர்வீஸ் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பழைய வண்டி பார்ப்பதானால் முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா, ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்கான கோன் செட் ஆடுகிறதா, ஸ்போக் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கோபி, அந்தியூர் பக்கம் என்றால் நானே கூட வந்து பார்க்கிறேன்.